பணம் கொடுத்தது யார் என்பதை நிருபரிடமும் சொல்ல வேண்டுமா?

கேள்வி: மருந்து நிறுவனம் ஒன்றின் நிதியில் நடந்த ஆய்வில் நானும் ஒருவன். கட்டுரை அடுத்த மாதம் ஆய்விதழில் வருகிறது. யாரிடம் பணம் வாங்கினோம் என்ற விவரத்தைக் கட்டுரையின் கடைசியில் போட்டுவிட்டோம். கல்லூரி நிர்வாகம் பிரஸ் மீட் வைக்கச் சொல்கிறது. அங்கேயும் அதைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் ஆய்வையே சந்தேகப்பட மாட்டார்களா?

பதில்: சொல்ல வேண்டும், டாக்டர். அதுவும் முடிவைச் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கட்டுரையின் கடைசிப் பத்தியை உங்கள் துறைக்காரர்கள் படிப்பார்கள். மறுநாள் பேப்பரில் செய்தியைப் பார்த்துவிட்டு, சாப்பிடுகிற மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று யோசிக்கப்போகிறவர் அந்தப் பத்தியைக் கண்ணால்கூடப் பார்க்கப்போவதில்லை. ஆய்வின் முடிவு எதுவரை போகிறதோ, பணம் வந்த வழியும் அதுவரை போய்ச் சேர வேண்டும். இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று விளங்க வேண்டுமென்றால், லண்டனில் நடந்த ஒரு விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆதாய முரணும் (ஆய்வாளரின் தீர்ப்பைச் சாய்க்கக்கூடிய சொந்த ஆதாயம்) பத்திரிகையும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

1998 பிப்ரவரி 26 அன்று லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் செய்தியாளர்களைக் கூப்பிட்டார்கள். அந்த வாரம் லான்செட் மருத்துவ இதழில் வரவிருந்த ஒரு கட்டுரைக்காக. அந்த மருத்துவமனை ஆய்வாளர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடன் 12 பேரும் எழுதியது. குடல் கோளாறோடு ஆட்டிசம் போன்ற வளர்ச்சிப் பிரச்சினைகளும் இருந்த 12 குழந்தைகளைப் பற்றிய விவரிப்பு, அவ்வளவுதான். அதில் 8 குழந்தைகளுக்கு, தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்குப் பிறகுதான் பிரச்சினை தொடங்கியது என்று பெற்றோரோ மருத்துவரோ சொன்னதாக எழுதியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தைகள் கிடையாது. தடுப்பூசிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக நாங்கள் நிரூபிக்கவில்லை என்று கட்டுரையே சொல்லியது.

ஆனால் பிரஸ் மீட்டில் வேக்ஃபீல்ட் கட்டுரையைத் தாண்டிப் போனார். மூன்றையும் சேர்த்துப் போடுவதை நிறுத்திவைத்து, தனித்தனி ஊசியாகப் போட வேண்டும் என்றார். கட்டுரையில் அப்படி ஒரு பரிந்துரைக்கு இடமே இல்லை. அதே மேடையில் இருந்த மருத்துவக் கல்லூரி டீன், எம்.எம்.ஆரைத் தொடர்ந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று எதிர்மாறாகச் சொன்னார். தொலைக்காட்சிகளுக்கென்று மருத்துவமனையே தயாரித்துக் கொடுத்த வீடியோவிலும் வேக்ஃபீல்டின் கருத்து இருந்தது. பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தது கட்டுரை இல்லை, அந்த மேடையில் பேசிய பேச்சு.

சரி, பணத்துக்கு வருவோம். கட்டுரையின் அடியில் நிதி உதவி என்று இரண்டே பெயர்கள்தான் இருந்தன: மருத்துவமனையின் அறக்கட்டளையினர், ஒரு குழந்தைகள் மருத்துவ அறநிறுவனம். அதில் இல்லாதது இது. கட்டுரை வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, தடுப்பூசித் தயாரிப்பாளர்கள்மீது நஷ்டஈட்டு வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த ரிச்சர்ட் பார் என்ற வழக்கறிஞர் வேக்ஃபீல்டை அமர்த்தியிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு 150 பவுண்டு. அரசு நிதியில் இயங்கிய சட்ட உதவி வாரியத்திலிருந்து ஆய்வுக்கென்று 55,000 பவுண்டு வந்தது. அந்த வழக்குக்காக வேக்ஃபீல்ட் வாங்கிய மொத்தக் கட்டணம், செலவுகள் போக, 4,35,643 பவுண்டு என்பது 2006 டிசம்பரில்தான் தெரியவந்தது. இதெல்லாம் போதாதென்று, 1997 ஜூனில் அவரைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டி, தட்டம்மைக்கு மாற்றுத் தடுப்பூசி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பமும் போயிருந்தது. எம்.எம்.ஆர். மீது நம்பிக்கை குறைந்தால் யாருக்கு லாபம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் மருந்துக் கம்பெனியிடமிருந்து வந்தால்தான் ஆதாய முரண் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கே பணம் வந்தது கம்பெனிகளுக்கு எதிராக வழக்காடும் பக்கத்திலிருந்து. ஆய்வாளரின் தீர்ப்பை ஏதோ ஒரு பக்கம் சாய்க்கக்கூடிய எதுவானாலும் ஆதாய முரண்தான்: கட்டணம், காப்புரிமை, பங்கு, நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சி சொல்லும் வேலை, மனைவியோ கணவனோ பார்க்கும் உத்தியோகம். அது இருப்பதே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. புது மருந்தைச் சோதிக்கப் பெரும்பாலும் அதைத் தயாரிப்பவர்தான் பணம் போடுகிறார். அந்தப் பணம் இல்லையென்றால் பல ஆய்வுகள் நடக்கவே நடக்காது. படிப்பவர் எடைபோட்டுப் பார்க்க முடியாதபடி அதை மறைப்பதுதான் தப்பு.

இந்தக் கதையில் எனக்கு எப்போதும் உறுத்துகிற ஒரு சின்ன இடம் உண்டு. கட்டுரை வந்த சில வாரங்களில் பொதுச் சுகாதார மருத்துவர் ஒருவர் லான்செட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். வழக்குப் போட விரும்பும் பெற்றோருக்காக ஒரு வழக்கறிஞர் அலுவலகம் தயாரித்த குறிப்பை அவர் இணையத்தில் பார்த்திருந்தார். ஆய்வுக்கு வந்த குழந்தைகள் வழக்கின் வழியாக வந்தவர்களா, அப்படியானால் பெற்றோர் சொன்ன தகவலில் அதன் சாயல் இருக்காதா என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. 1998 மே மாதம் வேக்ஃபீல்டின் பதில் அச்சானது. ஆதாய முரண் ஏதும் இல்லை என்று அதில் சொன்னார். அதே கடிதத்தில், இந்தக் குழந்தைகளில் சிலரைச் சட்ட உதவி வாரியத்துக்காக மதிப்பிட்டுத் தர ஒப்புக்கொண்டிருப்பதையும் சொன்னார். உலகத்தின் முன்னணி மருத்துவ இதழில் அச்சாகிய வரி அது. இதழின் ஆசிரியர் குழு அதைப் பிடித்து இழுத்து மேலே விசாரிக்கவில்லை. விஷயம் அம்பலமாக இன்னும் ஆறு வருடம் ஆனது. அதனால்தான், அச்சில் போட்டாகிவிட்டது, கடமை முடிந்தது என்று நீங்கள் நினைக்கும்போது நான் ஒத்துக்கொள்ள மறுக்கிறேன். யாரும் பார்க்காத மூலையில் சொன்னால் சொல்லாததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அந்த ஆறு வருடத்தில் பத்திரிகைகள் என்ன செய்தன? பல செய்தியறைகளில் இரண்டு பக்கமும் கேட்கிறோம் என்ற நல்லெண்ணம் இருந்தது. ஒரு பக்கம் வேக்ஃபீல்ட், இன்னொரு பக்கம் அரசு மருத்துவர். இருவருக்கும் சமமான நேரம், சமமான இடம். பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? ஆதாரமும் பாதிக்குப் பாதி என்றுதான் தோன்றும். டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, எம்.எம்.ஆர். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை என்று 2002-ல் ஒரு ஆய்வு வந்தது. 12 குழந்தைகளும் ஐந்து லட்சம் குழந்தைகளும் ஒரே தராசில் சமமாக நிற்பதுபோலச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. 2001 டிசம்பரில் பிரதமர் டோனி பிளேர் தன் கைக்குழந்தைக்கு எம்.எம்.ஆர். போட்டாரா என்று கேட்டார்கள். குடும்ப விஷயம் என்று சொல்ல மறுத்தார். அப்புறம் அதுவே பெரிய செய்தியானது.

விலை கொடுத்தது குழந்தைகள். 2003-04-ல் இங்கிலாந்தில் எம்.எம்.ஆர். போட்ட குழந்தைகளின் விகிதம் 80 சதவீதத்துக்கு இறங்கியது. தட்டம்மை பரவாமல் இருக்க 95 சதவீதம் வேண்டும். 2006-ல் ஒரு 13 வயதுப் பையன் தட்டம்மையில் இறந்தான். 1992-க்குப் பிறகு பிரிட்டனில் அதுதான் முதல் தட்டம்மைச் சாவு. 2012 கடைசியில் வேல்ஸின் ஸ்வான்சீ பகுதியில் தொடங்கிய பரவலில் 1,200 பேர் அளவில் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. அதில் பெரும்பகுதி, அந்தப் பீதிக் காலத்தில் ஊசி போடாமல் விடப்பட்டு வளர்ந்த பிள்ளைகள். அந்த ஊரின் உள்ளூர்ப் பத்திரிகை 1997 வாக்கிலேயே எம்.எம்.ஆருக்கு எதிராகத் தொடர்ந்து எழுதியிருந்தது.

பத்திரிகையைத் திட்டிவிட்டு நிறுத்த முடியாது. முடிச்சை அவிழ்த்ததும் ஒரு பத்திரிகையாளர்தான். சண்டே டைம்ஸுக்காக பிரையன் டியர் துருவிய பிறகுதான் சட்ட உதவிப் பணம் பொதுவெளிக்கு வந்தது. 2004 பிப்ரவரியில் அவர் தன்னிடம் இருந்ததை லான்செட் ஆசிரியரிடம் கொண்டுபோய் வைத்தார். அவருடைய செய்தி 22-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியது. லான்செட் இரண்டு நாள் முந்திக்கொண்டு தானே ஒரு அறிக்கை வெளியிட்டது. பண விவகாரம் முன்பே தெரிந்திருந்தால் நிலைமையே வேறு என்று ஒப்புக்கொண்ட அந்த அறிக்கை, மற்ற குற்றச்சாட்டுகளில் மருத்துவமனையின் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம், உடன் எழுதியவர்களில் 10 பேர் கட்டுரையின் முடிவுகளுக்குக் கொடுத்திருந்த விளக்கத்திலிருந்து விலகினார்கள். ஆனால் கட்டுரை முழுசாகத் திரும்பப் பெறப்பட்டது 2010 பிப்ரவரி 2 அன்றுதான். அதுவும் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் நீண்ட விசாரணை நடத்தி, வேக்ஃபீல்ட் நேர்மையின்றி நடந்துகொண்டார் என்று முடிவு சொன்ன பிறகு. மே மாதம் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள்.

இடையில் அவர் டியர்மீதும் சேனல் 4 தொலைக்காட்சிமீதும் அவதூறு வழக்குப் போட்டார். அதை இழுத்தடிக்க விடாமல் நடத்தச் சொன்னது நீதிமன்றம். வழக்கின் வழியாகவே எதிர்த்தரப்புக்குப் பல ஆவணங்கள் கிடைத்தன. 2007 ஜனவரியில் அவரே வழக்கைக் கைவிட்டார். நிருபர் கேள்வி கேட்டதும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பத் தோன்றுபவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படித்துவிட்டு யோசிக்கட்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. சொன்னால் சந்தேகப்பட மாட்டார்களா? கொஞ்சம் சந்தேகப்படுவார்கள், படட்டும். கம்பெனி நிதியில் நடந்த ஆய்வுகள் கம்பெனிக்குச் சாதகமான முடிவுக்கு வருவது அதிகம் என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் அந்தச் சந்தேகம் நியாயமானது. அதைத் தாங்குகிற மாதிரி ஆய்வு இருக்க வேண்டும். எந்த அளவுகோலில் மருந்து ஜெயித்ததா தோற்றதா என்று பார்ப்பது என்பதை முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதிவைத்தீர்களா? 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனைகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவது கட்டாயம். அந்தப் பதிவில் நிதி கொடுத்தவர் பெயரும் முக்கிய அளவுகோலும் இருக்கும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். பதிவு எண்ணைப் பத்திரிகைக் குறிப்பிலேயே போடுங்கள். கணக்குப் போட்டது யார், உங்கள் புள்ளியியலாளரா கம்பெனியின் ஆளா என்பதையும் சொல்லுங்கள். முடிவு பாதகமாக வந்திருந்தாலும் வெளியிடும் உரிமை உங்களிடம் இருந்ததா என்பதையும்.

கடைசியாகச் சொன்னதை ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள். டொராண்டோவில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்கு டெஃபெரிப்ரோன் மருந்தைச் சோதித்த நான்சி ஒலிவியரி, மருந்தில் ஆபத்து தெரிவதாக நோயாளிகளிடம் சொல்ல வேண்டும் என்றார். 1996-ல் சோதனைக்குப் பணம் கொடுத்த அபோடெக்ஸ் மருந்து நிறுவனம் அதை நிறுத்தி, வெளியே சொன்னால் சட்ட நடவடிக்கை என்று எச்சரித்தது. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்றில் ரகசியம் காக்கும் ஷரத்து இருந்தது. அந்த நேரத்தில் டொராண்டோ பல்கலைக்கழகம் அதே நிறுவனத்திடம் பெரிய நன்கொடைக்காகப் பேசிக்கொண்டிருந்தது. ஆதாய முரண் தனிமனிதருக்கு மட்டும் வருவதில்லை, நிறுவனத்துக்கும் வரும். உங்கள் கல்லூரி எதற்காக இந்தப் பிரஸ் மீட்டை இவ்வளவு ஆசையாகக் கேட்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

நீங்களாகச் சொல்வதற்கும், அடுத்தவர் கண்டுபிடித்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு சம்பவங்கள். 2015 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. உடல் பருமனுக்குச் சாப்பாட்டைவிட உடற்பயிற்சிக் குறைவைப் பெரிதாகப் பேசிவந்த ‘குளோபல் எனர்ஜி பேலன்ஸ் நெட்வொர்க்’ என்ற பேராசிரியர்கள் குழுவைத் தொடங்க, முந்தைய வருடம் 15 லட்சம் டாலர் கொடுத்தது கோகா-கோலா. அந்தக் குழுவின் இணையதளமே அட்லாண்டாவில் உள்ள கோகா-கோலா தலைமையகத்தின் பெயரில் பதிவாகியிருந்தது. கேட்டதற்கு, எங்களுக்கு இணையதளம் போடத் தெரியாது, அதனால் கம்பெனியிடம் சொன்னோம் என்று குழுவின் தலைவர் பதில் சொன்னார். அந்த வருடக் கடைசியில் குழு கலைந்தது. கொலராடோ பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இன்னொன்றையும் வெளிக்கொண்டுவந்தது: உடல் பருமன் பற்றி நிருபர்களுக்காகவே நடத்திய கருத்தரங்குகளுக்கும் கோகா-கோலா பணம் போயிருக்கிறது. நிருபர் நண்பர்கள் இதைப் படித்தால் கவனியுங்கள், உங்களை ‘பயிற்சிக்கு’ அழைத்துப்போய் ஓட்டலில் தங்கவைப்பவர் யார் என்பதும் உங்கள் செய்திக்குச் சம்பந்தமுள்ள விஷயம்.

இரண்டாவது, ஹோசே பசெல்கா. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர், உண்மையிலேயே பெரிய ஆய்வாளர். ரோஷ் மருந்து நிறுவனத்திடமிருந்து ஆலோசனைக் கட்டணமாகவும், அந்நிறுவனம் வாங்கிய ஒரு கம்பெனியில் இருந்த பங்குக்காகவும் 30 லட்சம் டாலருக்கு மேல் பெற்றவர். டஜன்கணக்கான கட்டுரைகளில் இப்படிப்பட்ட தொடர்புகளை அவர் குறிப்பிடவில்லை என்று 2018 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸும் ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனமும் சேர்ந்து எழுதின. சில நாட்களில் பதவி விலகினார். நிருபர்களால் இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு முக்கியக் காரணம், மருந்துக் கம்பெனிகள் மருத்துவர்களுக்குக் கொடுப்பதை அரசிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2010-ல் அங்கே வந்த சட்டம். ஒரு மருத்துவரின் பெயரைத் தட்டினால் அவர் வாங்கியது திரையில் வரும். நம் ஊரில் அப்படி ஒரு பொதுப் பட்டியல் இல்லை. அதனால் நிருபர் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார் என்று நிம்மதி அடைவதைவிட, நாம் சொன்னால்தான் மக்களுக்குத் தெரியும் என்ற பொறுப்பு இங்கே கூடுதலாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ் மீட்டை எப்படி நடத்துவது என்று கேட்டால், என் யோசனை இது. பத்திரிகைக் குறிப்பைக் கம்பெனியின் விளம்பரப் பிரிவு எழுதக் கூடாது, நீங்களே எழுதுங்கள். முதல் பத்தியிலேயே எத்தனை நோயாளிகள், எதோடு ஒப்பிட்டீர்கள், யார் பணம் என்பது வந்துவிட வேண்டும். மேடையில் உட்காரும் அத்தனை பேரும் முந்தின நாள் கூடிப் பேசி, இந்த ஆய்வு எதை நிரூபிக்கவில்லை என்பதை ஒரே வாக்கியமாக எழுதி ஒத்துக்கொள்ளுங்கள். ராயல் ஃப்ரீயில் அப்படி ஒத்துக்கொண்ட வாக்கியம் எதுவும் மேடையில் நிற்கவில்லை. கட்டுரையில் இல்லாத எந்த ஆலோசனையையும் நோயாளிகளுக்கு அங்கிருந்து சொல்லாதீர்கள். நிருபர் எவ்வளவு தூண்டினாலும், ‘அதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை’ என்பது முழுமையான பதில்தான். நன்மையைச் சதவீதத்தில் சொன்னால், நூறு பேரில் எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்க விளைவையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

பேச எழுந்ததும் இப்படி ஆரம்பியுங்கள்: “இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது இந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம்தான். எங்களில் இன்னார் அவர்களிடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்குகிறார். திட்டத்தை எழுதியதும் கணக்குப் போட்டதும் நாங்கள். இனி முடிவைச் சொல்கிறேன்.” அரை நிமிடம் ஆகும். இதில் எந்த வரியை உங்களால் உண்மையாகச் சொல்ல முடியவில்லையோ, அந்த வரியைப் பற்றி உங்கள் நெறிமுறைக் குழுவிடம் பேசிவிட்டுப் பிரஸ் மீட்டுக்குத் தேதி குறியுங்கள்.

செய்தி எழுதி முடித்ததும் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன் என்று நிருபரிடம் கேட்பது சரியில்லை, அது அவர் வேலை. எண்களைச் சரிபார்க்க எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று நம்பரைக் கொடுங்கள், ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுங்கள். நிதி விவரத்தைச் செய்தியில் வெட்டிவிட்டார்கள் என்றால் மறுநாள் காலையிலேயே ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதி, அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். மருந்தைப் புகழ்ந்து வந்த செய்தியாக இருந்தாலும் எழுதுங்கள்.